எழுத்துக் களவும் சான்றின் அறமும்

ஒருவன் வீட்டிற் புகுந்த கள்வன் பொற்கிண்ணம் ஒன்றை எடுத்துச் சென்றால் உடையவனிடம் கிண்ணம் இல்லாமற் போகின்றது. கள்வனிடம் அது இருக்கின்றது. கிண்ணத்தைக் கண்டெடுத்துக் கொடுத்துவிட்டால் இழப்புத் தீர்ந்துவிடும். ஆனால், ஒரு புலவனின் செய்யுளை இன்னொருவன் தன்னுடையதென்று வெளியிட்டால் செய்யுள் புலவனை விட்டு நீங்குவதில்லை. அதில் ஓர் எழுத்தேனும் குறைவதில்லை. அவ்வாறாயின் இங்குக் களவாடப்பட்டது யாது? சொற்களல்ல என்பது வெளிப்படை. 'இஃது இவன் ஆக்கம்' என்னும் உண்மையே களவாடப்பட்டது. ஆக்கியோனுக்கும் ஆக்கத்துக்குமிடையே உள்ள உறவு அறுக்கப்பட்டு, பொய்யான வேறோர் உறவு அதனிடத்தில் வைக்கப்படுகின்றது. ஆகவே, எழுத்துக் களவு என்பது பொருளைப் பற்றிய குற்றம் என்பதிலும் பார்க்க, உண்மையைப் பற்றிய குற்றம் என்பதே பொருந்தும்.

இதனை ஒப்புக்கொண்டால் இன்னொரு முடிபும் உடன்வரும். ஒருவன் செய்யாத களவை அவன்மீது ஏற்றுவதும் அதே உறவை அறுப்பதேயாகும். தான் எழுதாததைத் தனதென்பவன் எக்குற்றத்தைச் செய்கின்றானோ, பிறன் எழுதியதை அவனதன்று என்பவனும் அக்குற்றத்தையே செய்கின்றான். முன்னையவனைக் கண்டு வெகுளும் உலகம் பின்னையவனை அத்துணை எளிதில் இனங்காண்பதில்லை. குற்றஞ்சாட்டுவோனை நீதியின் பக்கம் நிற்பவனாகக் கொள்வது மனித இயல்பு. இவ்வியல்பின் ஆபத்தையும் அதிலிருந்து மீளும் வழியையும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த ஒரு வழக்குத் தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வழக்கில் நீதிமன்றமில்லை, காவலருமில்லை. முதன்மையாகத் துப்பறிந்தோர் முப்பது வயதை எட்டாத இளைஞர் இருவர். துப்பறிதல் அவர்களுக்குத் தொழிலுமன்று.

ஜோன் மில்டன் 1652ஆம் ஆண்டளவில் இரு கண்களின் பார்வையையும் முற்றாக இழந்தவர். பின்னர், தாம் சொல்லப் பிறர் எழுதிக்கொள்ளும் முறையில் அவர் இயற்றிய பெருங்காப்பியம் 1667இல் வெளிவந்தது. ஆதாமும் ஏவாளும் இறைவன் கட்டளையை மீறி ஏதேன் தோட்டத்தை இழந்த கதையைப் பாடும் நூல் அது. அதன் முதற் காண்டத்தை வெ. ப. சுப்பிரமணிய முதலியார் 1895இல் 'சுவர்க்க நீக்கம்' என்னும் பெயரில் தமிழாக்கினார். மில்டன் 1674இல் மறைந்தார். முடியாட்சியை எதிர்த்தும், முதலாம் சாள்ஸ் மன்னனுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனையை ஆதரித்தும் எழுதியவராதலின் அவருக்குப் பகைவர் பலர் இருந்தனர். ஆயினும், காப்பியத்தின் பெருமை அப்பகைமையைக் கடந்து நின்றது. அடுத்த நூற்றாண்டில் ஆங்கில இலக்கியத்தின் உச்சியில் வைத்து அந்நூல் எண்ணப்பட்டது.

இந்நிலையில், 1747ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மகசின்' என்னும் சஞ்சிகையில் வில்லியம் லோடர் என்பவரின் கட்டுரைகள் வரத் தொடங்கின. லோடர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்தவர். எடின்பரோவிற் கல்வி கற்றவர். இலத்தீன் மொழியில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். விபத்தொன்றினால் ஒரு காலை இழந்தவர். நிலையான பதவி வாய்க்கப்பெறாது அலைந்தவர். தம் நாட்டுப் பழம் புலவர் ஒருவர் இலத்தீனிற் பாடிய சங்கீதங்களை அவர் பதிப்பித்திருந்தார். 1742இல் கவிஞர் அலெக்சாந்தர் போப் அப்புலவரை மில்டனுக்கு எதிரே நிறுத்திச் சிறியவராக்கி எள்ளியமையால் தமது பதிப்பு மதிப்பிழந்தது என லோடர் கருதினார். எள்ளியவர் போப், சினம் பாய்ந்ததோ மில்டன்மேல்.

லோடரின் குற்றச்சாட்டு எளிமையானது. மில்டனுடைய காப்பியம் அவருடைய சொந்த ஆக்கமன்று. அவருக்குச் சற்று முன் வாழ்ந்த இலத்தீன் புலவர்களிடமிருந்து வரி வரியாகக் களவாடப்பட்டது என்பதே அது. ஜேர்மானிய இயேசுசபைத் துறவியான மசேனியஸ் 1654இல் வெளியிட்ட காவியம், ஒல்லாந்து அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1601இல் ஆதாமைப் பற்றி எழுதிய நாடகம், மற்றோர் ஒல்லாந்துப் புலவரான ஸ்டபோர்ஸ்டியஸ் 1655இல் எழுதிய செய்யுள் எனப் பல நூல்களை அவர் சுட்டினார். அவற்றின் அடிகளையும் மில்டனின் அடிகளையும் ஒப்புநோக்கும்படி எடுத்துக் காட்டினார். ஒப்புமை வியக்கத்தக்கதாய் இருந்தது. 1749ஆம் ஆண்டின் இறுதியில் இவையெல்லாம் விரித்து எழுதப்பட்டுத் தனி நூலாகவும் வெளிவந்தன. அந்நூலுக்கு முன்னுரையும் பின்னுரையும் எழுதியவர், ஆங்கில அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்த சாமுவேல் ஜோன்சன். இத்தகையவரின் எழுத்து முன்னே நிற்க, லோடரை ஐயுறுவதற்கு வாசகருக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

வியப்பு யாதெனில், லோடர் காட்டிய நூல்களைத் தேடியெடுத்துத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. அவை அரிய நூல்கள். பல பிறநாடுகளில் அச்சானவை. அவ்வருமையே லோடருக்குக் கவசமாயிற்று. கேம்பிறிட்ஜைச் சேர்ந்த றிச்சாட்சன் என்பவர் 1747இலேயே மில்டனுக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். 1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லோடர் எடுத்துக்காட்டிய முக்கியமான அடிகள் மூலநூல்களிற் காணப்படவில்லை எனச் சஞ்சிகையின் ஆசிரியர் எட்வேட் கேவுக்கு அவர் கடிதமும் எழுதினார். கேவ் லோடரின் நேர்மையை நம்பியிருந்தமையால் அக்கடிதத்தை அப்போது அச்சிடவில்லை.

ஒக்ஸ்போர்ட் ஓரியல் கல்லூரியிற் பயின்ற ஜோன் பௌல் என்னும் இளைஞரும் உண்மையைத் தாமாகவே கண்டறிந்தார். அவருக்கு அப்போது ஏறத்தாழ இருபத்தைந்து வயது. மில்டனின் காப்பியத்தை வில்லியம் ஹொக் என்பவர் இலத்தீனில் மொழிபெயர்த்து 1690இல் வெளியிட்டிருந்தார். மசேனியஸும் ஸ்டபோர்ஸ்டியஸும் எழுதியவையென லோடர் காட்டிய அடிகள் உண்மையில் ஹொக்கின் மொழிபெயர்ப்பில் உள்ளவை. மில்டனுக்குப் பின் அவர் நூலிலிருந்தே இலத்தீனாக்கப்பட்ட அடிகளை எடுத்து, மில்டனுக்கு முந்திய புலவரின் செய்யுள்களுக்குள் லோடர் செருகினார். பின்னர், இவற்றைப் பார்த்தே மில்டன் எழுதினார் என்று குற்றஞ்சாட்டினார். ஒப்புமை வியப்புக்குரியதாய் இருந்ததில் வியப்பேது? தந்தையின் முகச்சாயல் மகனிடம் இருத்தல் கண்டு, மகனையே தந்தையெனச் சாதித்தது போன்றது அவ்வாதம்.

இதனை உலகறிய நிறுவியவர் ஜோன் டக்ளஸ். 1721இற் பிறந்த அவர் அந்நாளில் ஒரு கிராமத் தேவாலயத்தின் குரு. மில்டன் ஆராய்ச்சியிற் பெயர்பெற்றவரல்லர், சஞ்சிகையாசிரியருமல்லர். அவர் செய்தது ஒன்றே: ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்திலிருந்த ஸ்டபோர்ஸ்டியஸின் நூலை எடுத்துப் பார்க்கச் செய்தார். காப்பியத்தின் நாலாங் காண்டத்தில் மண வாழ்வை மில்டன் வாழ்த்தும் பகுதிக்கு மூலமென லோடர் காட்டிய அடிகள் அந்நூலில் இல்லை. ஹொக்கின் மொழிபெயர்ப்பிலே சொல்லுக்குச் சொல் இருந்தன. 1750ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டக்ளஸின் சிறுநூல் வெளிவந்தது. லோடரின் பதிப்பாளர் அவர் பயன்படுத்திய பிரதிகளைக் காட்டும்படி கேட்டனர். காட்ட அவரிடம் எதுவுமில்லை. பதிப்பாளர் அவரைக் கைவிட்டு, எஞ்சிய பிரதிகளை மோசடிக்கு ஓர் எடுத்துக்காட்டு என்றே விளம்பரஞ் செய்து விற்கலாயினர். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் லோடர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு டக்ளஸுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் வாசகத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஜோன்சனே.

இவ்வரலாற்றை வெறும் சுவையான துப்பறி கதையாகக் கொண்டு விட்டுவிடலாம். ஆனால், அதன் ஒவ்வொரு நிலையிலும் ஓர் அறவினா தங்கியிருக்கின்றது. முதலாவது வினா: லோடர் யாரிடமிருந்து எதனைக் களவாடினார்? தமக்கென ஒரு வரியையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்ததையெல்லாம் இறந்துபோன பிறருக்கே கொடுத்தார். பொருட்களவின் இலக்கணப்படி அவரைக் கள்வர் என்பது அரிது. ஆனால், களவாடப்படுவது ஆக்கம் பற்றிய உண்மையே எனக் கொண்டால் அவர் பலருடைய உடைமையிற் கைவைத்தார் என்பது விளங்கும். மில்டனிடமிருந்து அவருடைய உழைப்பைப் பறித்தார். ஹொக்கிடமிருந்து மொழிபெயர்ப்பைப் பறித்தார். மசேனியஸையும் ஸ்டபோர்ஸ்டியஸையும் அவர்கள் சொல்லாததைச் சொல்லவைத்தார். அவர்கள் வாயைக் களவாடினார் எனலாம். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, மேற்கோள் என்பது மெய்யாகவே மூலத்தில் உள்ளது என்னும் வாசகரின் நம்பிக்கையைக் களவாடினார். கல்வியுலகம் முழுவதும் அந்நம்பிக்கையின்மீதே நிற்கின்றது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நூலையும் தாமே திறந்து பார்த்தல் இயலாது. ஆகவே பிறர் பார்த்துச் சொன்னதை ஏற்கின்றனர். பொய் மேற்கோள் அவ்வேற்பையே ஆயுதமாக்குகின்றது.

இரண்டாவது வினா இன்னும் நுண்ணியது. லோடர் ஓரடியையேனும் செருகாது, மெய்யான ஒப்புமைகளை மட்டுமே காட்டியிருந்தால் மில்டன் கள்வராவாரா? டக்ளஸ் இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. மோசடியை வெளிப்படுத்துமுன், பிற புலவரைப் பின்பற்றுதல் களவாகாது என்பதை அவர் வாதிட்டார். பழைய பொருளை எடுத்துத் தன் ஆற்றலால் புதிதாக்கும் உரிமை பெரும் புலவனுக்கு உண்டு என்பது அவர் கருத்து. இவ்வாதத்தோடு அவர் நின்றிருந்தால் மில்டனின் மதிப்புக் காக்கப்பட்டிருக்கும். பொய் மட்டும் பொய்யென அறியப்படாது போயிருக்கும். மோசடியை மட்டும் காட்டியிருந்தால், ஒப்புமையெல்லாம் களவே என்னும் தவறான அளவுகோல் அப்படியே நின்றிருக்கும். மதிப்புப் பற்றிய வினாவும் நிகழ்ச்சி பற்றிய வினாவும் வேறு வேறானவை. ஒன்றுக்குக் கூறும் விடை மற்றையதற்கு விடையாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பின்பற்றல் களவாகாது என்னும் கருத்துத் தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவர். முதனூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளையும் கூறுவது வழிநூல். அங்கே 'வழி' என்பது இழிவுப் பெயரன்று. கம்பர் தமக்கு முன் இக்கதையைப் பாடியோரையும், தாம் எவர் வழியிற் செல்கின்றார் என்பதையும் நூன்முகத்திலேயே வெளிப்படுத்தினார். வான்மீகியைப் பின்பற்றினார் என்பதால் எவரும் கம்பரைக் கள்வர் என்றதில்லை. மாறாக, தான் எழுதிய பாட்டைக் கம்பர் பாட்டென்று உள்ளே நுழைத்தவனின் செயலை 'இடைச்செருகல்' எனப் பெயரிட்டு விலக்கும் மரபு தமிழ்ப் பதிப்பாசிரியரிடம் உண்டு. லோடரின் கைத்தொழில் இவ்விரண்டாம் இனத்தைச் சேர்ந்ததே.

எனினும், ஒரு தடை எழலாம். கம்பர் தம் முன்னோரைச் சொன்னார். மில்டன் தாம் கற்ற இலத்தீன் நூல்களையெல்லாம் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லையே? பெரும் புலவன் எடுத்தால் பின்பற்றல், சிறியவன் எடுத்தால் களவு எனின் அது நீதியாகுமா? மில்டனே 1649இல் எழுதிய ஓர் எதிர்ப்பு நூலில் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். முதலாம் சாள்ஸ் மன்னனின் பெயரால் வெளிவந்த நூலிற் காணப்பட்ட வேண்டுதலொன்று சேர் பிலிப் சிட்னியின் கதையிலிருந்து எடுக்கப்பட்டது என அங்கு அவர் குற்றஞ்சாட்டினார். கடன் வாங்கியவன் வாங்கியதை மேம்படுத்தாவிடின் நல்லாசிரியரிடையே அது களவாகவே கொள்ளப்படும் என்பது அவர் கருத்து. இவ்வளவுகோல் பயனுடையதாயினும் போதியதன்று. மேம்படுத்தல் ஆற்றலைக் காட்டும்; நேர்மையைக் காட்டாது. களவாடிய பொன்னை உருக்கி அழகிய அணியாக்கினாலும் பொன் களவாடியதே.

பொருத்தமான அளவுகோல் வேறிடத்தில் உண்டு. பின்பற்றுவோன் தான் பின்பற்றியது இனங்காணப்படுவதை அஞ்சுவதில்லை. பலவேளைகளில் அதனை விரும்பவுஞ் செய்கின்றான். வேதாகமத்தையும் ஹோமரையும் வேர்ஜிலையும் அறிந்தவனுக்கு மில்டனின் காப்பியம் இருமடங்கு இன்பந் தருகின்றது. மூலத்தை அறிதல் நூலின் சுவையைக் கூட்டுகின்றது. களவாடியவனோ மூலத்தை எவரும் திறவாதிருக்க வேண்டுமென்று விரும்புகின்றான். மூலம் திறக்கப்படுமிடத்து அவன் ஆக்கம் சரிந்துவிடுகின்றது. இவ்வளவுகோல் பெரியோனுக்கும் சிறியோனுக்கும் ஒன்றே. இதனை லோடருக்கும் பொருத்திப் பார்த்தல் தகும். அவருடைய நூல் முழுவதும், வாசகன் பொட்லியன் நூலகத்துக்குப் போகமாட்டான் என்னும் ஒரே எதிர்பார்ப்பின்மீது கட்டப்பட்டது. வள்ளுவர் கள்ளாமையைப் பேசுமிடத்துக் களவை எண்ணத்திலேயே குற்றமென்பர். மூலம் மறைந்திருக்கட்டும் என்னும் எண்ணம் தோன்றும்போதே எழுத்துக் களவும் தொடங்கிவிடுகின்றது.

மூன்றாவது வினா நம்பியோரைப் பற்றியது. ஜோன்சன் போன்ற பேரறிஞர் எவ்வாறு ஏமாந்தார்? மில்டனின் அரசியலை அவர் வெறுத்தவர் என்பது உண்மை. அவ்வெறுப்பு அவரது கண்ணைச் சிறிது மறைத்திருக்கக்கூடும். ஆனால், அவர் மில்டனின் குடும்பத்துக்குத் தீங்கு எண்ணினார் என்றல் பொருந்தாது. லோடரின் நூலிற் சேர்ந்த அவரது பின்னுரையே, வறுமையில் வாடிய மில்டனின் பேர்த்திக்கு உதவும்படி வாசகரை வேண்டியது. 1750ஆம் ஆண்டு ஏப்ரலில் அம்மூதாட்டிக்கு நிதி சேர்க்க மில்டனின் நாடகமொன்று மேடையேறியபோது முகவுரைச் செய்யுளை இயற்றியவரும் அவரே. பிற்காலத்தில் இவ்விடயம் பற்றி அவர் தந்த விளக்கம் சிந்தனைக்குரியது. அத்துணை வெறிகொண்ட ஒருவர் வஞ்சகராகவும் இருப்பார் என்று தமக்குத் தோன்றவில்லை என்பது அதன் சாரம். உணர்ச்சியின் வேகத்தை உண்மையின் அடையாளமாகக் கொண்டதே அவர் செய்த பிழை.

இப்பிழை ஜோன்சனோடு முடிந்த ஒன்றன்று. உரத்த குரலிற் குற்றஞ்சாட்டுவோனிடம் ஆதாரம் இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணுவது எக்காலத்துக்கும் பொதுவான மயக்கம். அதிலும் உயர்ந்தோன் ஒருவன் வீழ்வதைக் காண்பதில் மனிதமனம் இரகசியமான ஓர் இன்பங் கொள்கின்றது. அவ்வின்பத்துக்கு நீதியின் ஆடை கிடைத்துவிட்டால் ஐயம் எழ இடமேது? லோடரின் கட்டுரைகள் வெளிவந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1748இல், டேவிட் ஹியூம் அற்புதங்கள் பற்றிய தம் கட்டுரையில், அறிவுடையோன் சான்றின் அளவுக்கே தன் நம்பிக்கையை அளவிடுவான் என்ற கருத்தை முன்வைத்தார். சமயத்துறையில் ஹியூமின் முடிபை மறுத்துச் சில ஆண்டுகளில் ஒரு நூலே எழுதியவர் டக்ளஸ். ஆயினும், சாட்சியத்தை அளந்தே ஏற்கவேண்டும் என்பதில் இருவரும் ஒரே நிலத்தில் நின்றனர். எதிரெதிர்க் கொள்கையினரும் சான்றின் அறத்தில் ஒன்றுபடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்விடத்தில் கேவின் பொறுப்பும் எண்ணத்தக்கது. அவர் பொய் சொல்லவில்லை, பொய்யை ஆக்கவுமில்லை. மறுப்புக் கடிதத்தை அச்சிடாது வைத்திருந்தார், அவ்வளவே. ஆனால், ஒருவரது குற்றச்சாட்டுக்கு இடங்கொடுத்த பக்கம் அதற்கான மறுப்புக்கும் இடங்கொடுத்தல் கடன். நேர்மையானவர் என்று ஒருவரை நம்புவது நட்புக்குப் போதும். பிறரொருவரின் பெயர் கெடுமிடத்து அது போதாது. இறந்துபோன மில்டன் தமக்காகப் பேச எழுந்துவர இயலாது. பேச இயலாதோர்மீது குற்றம் சுமத்தப்படும்போது நடுவுநிலைமையின் சுமை இருமடங்காகின்றது.

இனித் துப்பறிந்தோரின் பண்பை நோக்குமிடத்து, இவ்வழக்கின் மிக உயர்ந்த செய்தி அங்கேதான் கிடைக்கின்றது. வெற்றி டக்ளஸின் சிறுநூலுக்கே கிடைத்தது. புகழும் அவருக்கே சேர்ந்தது. ஆனால், இம்மோசடியை முதலிற் கண்டறிந்தவர் என்னும் உரிமைக்குத் தகுதியுடையவர் பௌலே என்பதை டக்ளஸ் ஒப்புக்கொண்டார். ஒருவேளை அவர் அதனைச் சொல்லாது விட்டிருந்தால்? லோடரின் பொய் வெளிப்பட்டிருக்கும். மில்டனின் பெயர் மீண்டிருக்கும். உலகம் டக்ளஸைப் போற்றியிருக்கும். ஆயினும், எழுத்துக் களவை வெளிப்படுத்திய நூலே ஓர் எழுத்துக் களவாக முடிந்திருக்கும். பிறன் கண்டுபிடிப்பைத் தனதாக்கிக்கொண்டு பிறன் களவைக் கண்டிப்பவன் தான் நாட்டிய சட்டத்தைத் தானே மீறியவனாவான். களவைத் துப்பறிவோனுக்குக் கூர்மதி வேண்டும் என்பர். அதனிலும் முந்தித் தன் அறிவு எங்கிருந்து வந்தது என்பதை மறையாத மனம் வேண்டும். பௌல் பின்னர் 'டொன் குயிக்சோட்' நூலை விரிவான குறிப்புகளோடு 1781இற் பதிப்பித்தார். டக்ளஸ் 1791இல் சோல்ஸ்பரியின் ஆயரானார். தத்தம் வழியே சென்ற இவ்விருவரையும் இவ்வழக்கிற் பிணைத்தது அந்த ஒரு நேர்மையே.

பொய்யின் இன்னொரு தீங்கும் இவ்வழக்கில் வெளிப்பட்டது. லோடர் கூறியவற்றுள் ஆராயத்தக்க மெய்யும் கலந்திருந்தது. குரோஷியஸின் நாடகம் கற்பனையன்று. 1638இல் மில்டன் பாரிஸ் நகரில் குரோஷியஸை நேரிற் சந்தித்தவர். அக்காலத்து இலத்தீன் கவிதைகளை மில்டன் எவ்வளவு கற்றார், எவ்வாறு பயன்படுத்தினார் என்பது கல்விக்குரிய நல்ல வினா. லோடர் அதனை நேர்மையாக ஆராய்ந்திருந்தால் ஒப்பிலக்கிய ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவராக எண்ணப்பட்டிருப்பார். இலத்தீனில் அவருக்கிருந்த பயிற்சி அதற்குப் போதியதாயிருந்தது. தாம் கண்ட சிறு மெய் தாம் விரும்பிய பெருங்குற்றத்துக்குப் போதவில்லை. எஞ்சியதை அவர் இட்டு நிரப்பினார். அதன் பின்னர் அவர் சொன்ன மெய்யையும் எவரும் மெய்யென ஏற்கத் தயங்கினர். பொய் தன்னருகில் நிற்கும் மெய்யையும் அழித்தே செல்லும்.

லோடரின் முடிவு இரங்கத்தக்கது. ஒப்புதற் கடிதத்திலும் அவர் மனம் அமைதியுறவில்லை. தாம் செய்தது வாசகரின் அறிவைச் சோதிக்கும் விளையாட்டே என முரணான காரணங் கூறினார். 1754இல் மில்டன்மேல் வேறொரு மோசடிக் குற்றத்தைச் சுமத்தி மீண்டும் ஒரு நூல் வெளியிட்டார். கேட்பாரில்லை. பின் மேற்கிந்தியத் தீவான பாபடோஸுக்குச் சென்று, 1771இல் வறுமையிலே மாண்டார். ஊனமுற்ற ஓர் ஏழை அறிஞரை இந்நிலைக்குத் தள்ளியது டக்ளஸின் நூல் அன்றோ என வினவலாம். மில்டன் மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது; அவருக்கு நேர்ந்த இழப்பை அவர் அறியப்போவதில்லை; உயிரோடிருப்பவரின் வாழ்வு பெரிதா, இறந்தவரின் பெயர் பெரிதா? இவ்வினா இலேசாகத் தள்ளிவிடத் தக்கதன்று. ஆனால், இதற்கு விடை இறந்தவருக்கும் இருப்பவருக்கும் இடையே மட்டும் இல்லை. இனி எழுதப்போகின்ற, இனி வாசிக்கப்போகின்ற அனைவருக்கும் அதில் உரிமையுண்டு. மேற்கோளை நம்ப இயலாத உலகில் அவர்கள் எவரும் கற்க இயலாது. இரக்கம் மனிதனுக்கு உரியது; பொய்க்கு உரியதன்று. தமக்கு அவமானம் தேடித்தந்த லோடரின் அருகிலேயே இருந்து, ஒப்புதல் வாசகத்தை எழுதுவித்த ஜோன்சனின் செயலில் அவ்விரண்டையும் ஒருங்கே காணலாம். தம் பிழையின் கழுவாயும் அதுவேயாயிற்று.

இந்த வழக்கு முடிந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று இரு நூல்களின் ஒப்புமையை நொடிப்பொழுதிற் கணித்து நூற்றுவீதமாகக் காட்டும் கணினிகள் பல்கலைக்கழகங்களில் உள்ளன. மாணவரின் கட்டுரைகளும் விரிவுரையாளரின் ஆய்வுகளும் அவற்றின் வழியே செல்கின்றன. அவை பயனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை தருவது லோடரின் நூல் தந்ததைப் போன்ற ஒப்புமைப் பட்டியலே. ஒப்புமை இருக்கின்றது என்பதை அவை சொல்லும். எது முந்தியது, எடுத்தவர் மறைத்தாரா வெளிப்படுத்தினாரா, காட்டப்பட்ட மூலம் மெய்யாகவே மூலந்தானா என்பவற்றை மனிதரே நூலைத் திறந்து பார்த்துத் துணிதல் வேண்டும். தீர்ப்பை எண்ணிடம் ஒப்படைத்து ஒருவரைக் கள்வர் என்போர், முன்னுரையின் பெருமையைக் கண்டு லோடரை நம்பியோரிலும் முன்னேறியவராகார்.

ஆக்கம் களவுபோனது எனக் கேட்டவுடன் களவாடியவன் யார் என்றே மனம் தேடுகின்றது. அதற்கு முன் கேட்கவேண்டியது, களவுபோனது எனச் சொல்பவர் அதனை எங்கே கண்டார் என்பதே. அவ்வினாவைக் கேட்க அதிகாரம் வேண்டியதில்லை, வயதும் வேண்டியதில்லை. நூலகத்தின் கதவுவரை நடக்கும் பொறுமையும், அங்கே கண்டதைக் கண்டவாறே சொல்லும் துணிவும், முதலிற் கண்டவர் வேறொருவராயின் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் நேர்மையும் போதும். இருபத்தைந்து வயது மாணவர் ஒருவரும் கிராமத்துக் குரு ஒருவரும் காப்பியப் புலவரொருவரின் பெயரைக் காத்தது இம்மூன்றினாலேயே.